நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கும் கணக்கும்

ராயபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள பேட்டைகளையும் சேர்ந்த ஜனங்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லுவதுண்டு. 1782-ம் வருஷத்துப் பஞ்சத்தில் பட்டினியால் வாடி வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்கென்று ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அது பிற்பாடு நோயாளிகளுக்கும் இடம் கொடுத்து, 1938-ல் வைத்தியக் கல்லூரியுடன் கூடிய பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்த சரித்திரத்தை அந்தப் பழைய பெயர் ஒன்றே சொல்லிவிடுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், காசிமேட்டில் படகு ஓட்டுபவர், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வேலை செய்பவர் ஆகிய எல்லோருக்கும் கஷ்ட காலத்தில் கதி அதுவே. அங்கே இரவெல்லாம் கண் விழித்துக் கட்டிலுக்குக் கட்டில் நடக்கிற தாதிகளின் தொழிலுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்ற ஆங்கில மாது. அவர் பிறந்த நாளான மே மாதம் 12-ந் தேதி உலகமெங்கும் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நமது நாட்டுத் தாதிப் பள்ளிகளில் மாணவிகள் விளக்கேற்றிப் பிரதிக்ஞை செய்து கொள்ளுகிறார்கள்.

விளக்கேற்றுவது நல்லதே. ஆயினும் அந்த அம்மையார் ஒரு கையில் விளக்கையும் மறு கையில் கணக்குப் புஸ்தகத்தையும் வைத்திருந்தவர். விளக்கை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம், கணக்கை மறந்துவிட்டோம். வட சென்னைவாசிகளுக்கு இன்று அவசியமாயிருப்பது அந்தக் கணக்கேயாகையால், அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற தேசத்தில் ஓர் ஆங்கில ஸ்திரீயைப் புகழ்வதா என்று எவரும் ஐயுற வேண்டாம். 1905-ம் வருஷத்திலேயே, அம்மையார் உயிருடன் இருக்கும்போதே, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் அவரைப் பற்றிப் பாராட்டி எழுதினார். குணம் எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது தேசபக்திக்கு விரோதமாகாது.

அம்மையார் 1820-ல் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. பெற்றோர் பெரிய செல்வந்தர். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. தகப்பனார் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கமும் லத்தீனும் தாமே கற்பித்தார். இளைய பெண்ணான பிளாரன்ஸுக்கோ கணக்கின்மேல் தணியாத ஆசை. பிற பெண்கள் கதைப் புஸ்தகங்களை நாடும் வயதில் அவர் எண்களின் வரிசையைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்.

1837-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதி, பதினேழு வயது நிரம்பாத அந்தப் பெண், கடவுள் தம்மைப் பணிக்கு அழைத்ததாகத் தமது குறிப்பில் எழுதி வைத்தார். என்ன பணி என்பது அப்போது விளங்கவில்லை. இத்தகைய குரலைத் தம் வாழ்நாளில் நான்கு முறை கேட்டதாக அவர் பிற்காலத்தில் குறித்திருக்கிறார். முதலாவது இது, இரண்டாவது 1853-ல் முதன்முதல் ஒரு வைத்திய விடுதியின் பொறுப்பை ஏற்குமுன், மூன்றாவது 1854-ல் யுத்தகளம் புறப்படுமுன், நான்காவது 1861-ல் உற்ற துணையாயிருந்த மந்திரி ஸிட்னி ஹெர்பர்ட் இறந்த பிறகு. இது தெய்வ அருளா, மனத்தின் தோற்றமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. நம் நாட்டிலும் பக்தர்கள் பலருக்கு இத்தகைய அநுபவங்கள் நேர்ந்திருக்கின்றன. சாஸ்திரம் அவற்றை இன்னும் முழுதும் விளக்கிவிடவுமில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அந்த அநுபவத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதையே. குரல் கேட்டது என்பதைச் சொல்லி அவர் எவரிடமும் அதிகாரம் கேட்கவில்லை. அதைத் தம் அந்தரங்கத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தின் முன் வைப்பதற்கு எண்ணிக்கைகளையே தேடினார்.

தாதித் தொழில் அக்காலத்து இங்கிலாந்தில் மிகவும் இழிவாகக் கருதப்பட்டது. குடிகாரிகளும் வேறு பிழைப்பற்றவர்களுமே அதைச் செய்வார்கள் என்பது பொது அபிப்பிராயம். பெற்றோரும் தமக்கையும் பலமாகத் தடுத்தார்கள். தம்மை ஒன்பது வருஷமாக மணக்க விரும்பி வந்த ஒரு கனவானை அவர் 1849-ல் மறுத்துவிட்டார். இரவில் எழுந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1851-ல் ஜெர்மனியிலுள்ள கைஸர்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி பெற்றார். வீட்டின் தடையைத் தாண்டி 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறு ஆஸ்பத்திரியின் தலைமையை ஏற்றபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

மறு வருஷமே கிரிமியா யுத்தம் வந்தது. 38 தாதிகளுடன் அவர் 1854 நவம்பர் முதல் வாரத்தில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரி ஆஸ்பத்திரியில் போய் இறங்கினார். அது ராணுவக் குடியிருப்பாயிருந்த ஒரு பிரம்மாண்டமான கட்டடம். கட்டில்கள் போதாமல் சிப்பாய்கள் தாழ்வாரங்களில் வரிசையாகக் கிடந்தார்கள். மாற்றுச் சட்டை இல்லை. துவைக்க வெந்நீர் இல்லை. அம்மையார் கைவசமிருந்த பணத்தைக் கொண்டு சட்டைகள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொப்பரைகள் அமைத்துச் சலவைச்சாலை நடத்தினார். நோயாளிகளுக்கு ஏற்ற ஆகாரம் சமைக்க ஏற்பாடு செய்தார். இறந்தவர்களின் தாய்மாருக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதினார். இரவில் அவர் எடுத்துச் சென்றது, படங்களில் காணப்படும் அகல் போன்ற விளக்கன்று. மடித்து விரிக்கக்கூடிய துருக்கி தேசத்துக் கூண்டு விளக்கு. அந்த ஒளி கடந்து போகும்போது சிப்பாய்கள் ஆறுதல் அடைந்தார்கள் என்பது உண்மை. இங்கிலாந்து முழுவதும் அவரைத் தேவதையாகக் கொண்டாடியது.

ஆனால் சிப்பாய்கள் தொடர்ந்து மடிந்துகொண்டே இருந்தார்கள். 1855 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் வீதம் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது துப்பாக்கிக் குண்டன்று, பேதியும் ஜுரமும். மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் கமிஷன் வந்து சேர்ந்தது. கட்டடத்தின் கீழே மலக்குழிகள் அடைபட்டு நாறின; வார்டுகளில் வீசிய காற்றே அவற்றின் வழியாய் வந்தது; குடிதண்ணீர்க் கால்வாயில் ஒரு குதிரையின் பிணம் அழுகிக் கிடந்தது. கமிஷனர்கள் சாக்கடைகளைக் கழுவிவிட்டார்கள், பிணங்களை அப்புறப்படுத்தினார்கள், சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று.

அம்மையார் இதன் முழு அர்த்தத்தையும் அங்கேயே உணரவில்லை. உணவும் உடையும் இன்றி, களத்திலிருந்து பாதி உயிருடன் கொண்டுவரப்பட்டதாலேயே அவர்கள் இறந்தார்கள் என்று முதலில் எண்ணியிருந்தார். 1856-ல் ஊர் திரும்பினார்; வரவேற்பு வேண்டாமென்று மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பிரயாணம் செய்து ரகசியமாக வீடு சேர்ந்தார். பிறகு வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணருடன் உட்கார்ந்து மரணக் கணக்குகளை வகை பிரித்தார். தாம் இரவு பகலாக உழைத்த ஆஸ்பத்திரியே, சாக்கடையாலும் நெரிசலாலும் ஆயிரக்கணக்கானவர்களின் சாவுக்குக் காரணமாயிருந்தது என்பதைக் கணக்கு காட்டியது. தேசம் தம்மைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில் அந்த உண்மையை மூடி வைக்க அவர் நினைத்திருந்தால் கேட்பார் எவருமில்லை. அவர் மூடி வைக்கவில்லை. எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத மந்திரிகளும் பார்த்தவுடன் அறிந்துகொள்ளும்படி, மாதந்தோறும் எதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வர்ணம் தீட்டிய வட்டப் படங்களாக வரைந்து அச்சிட்டார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் ஸ்திரீ அவரே.

இனி அவருடைய தேக நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1855 மே மாதத்தில் கிரிமியாவில் கடும் ஜுரம் கண்டு சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்திருந்தார். 1857-ல் மறுபடியும் விழுந்தவர், அதன் பிறகு வெகு காலம் வரை பெரும்பாலும் படுக்கையிலும் அறைக்குள்ளுமே கழித்தார். நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், ஆகாரத்தைக் கண்டால் குமட்டல், 1861-க்குப் பின் முதுகெலும்பில் பொறுக்க முடியாத வலி. சில மாதங்களில் இறந்துவிடுவோம் என்று அவரே நம்பினார். இது நரம்புத் தளர்ச்சி என்றார்கள் சிலர். வேண்டாதவர்களைச் சந்திக்காமலிருக்க ஒரு பாசாங்கு என்றும் சிலர் பேசினார்கள். ஸ்குடாரிச் சாவுகளின் உண்மையை அறிந்த துக்கமே அவரை முறித்தது என்று சரித்திராசிரியர் சிலர் கருதுகிறார்கள். 1995-ல் ஓர் ஆராய்ச்சியாளர் வைத்தியப் பத்திரிகையில் வேறொரு காரணத்தை எடுத்துக் காட்டினார். நோய் கண்ட ஆடுமாடுகளின் காய்ச்சாத பாலால் பரவுகிற மால்டா ஜுரம், விட்டுவிட்டு வந்து வருஷக்கணக்கில் வாட்டக்கூடியது. அம்மையாரின் குறிகள் அதனுடன் ஒத்திருக்கின்றன என்பது அவர் முடிவு. அந்த நோயின் கிருமியை டேவிட் புரூஸ் கண்டுபிடித்தது 1887-ல். ஆகவே முப்பது வருஷ காலம் அம்மையாரின் வலிக்குப் பெயர் சொல்லக்கூட எவராலும் முடியவில்லை. பிறருடைய நோய்க்குக் காரணம் தேடித் தந்தவர், தமது நோய்க்குக் காரணம் அறியாமலே பாடுபட்டார்.

அந்தப் படுக்கையிலிருந்தே அவர் செய்த வேலை மலைக்கத்தக்கது. தாதித் தொழிலைப் பற்றிய அவருடைய சிறு புஸ்தகம் 1859-ல் எழுதப்பட்டது. நன்றியறிதலாக ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த நிதியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், 1860 ஜூன் மாதத்தில் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதிகளின் பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். நமது சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ல் தாதிப் பயிற்சி தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த தாதிகளே அதை நடத்தினார்கள்.

இந்தியாவின் விவகாரம் அவர் படுக்கைக்கு வந்தது 1859-ல். 1857-ம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின் இங்கே வெள்ளைச் சிப்பாய்களின் தொகை பெருகிற்று. அமைதிக் காலத்திலேயே வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் அவர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். இதை விசாரிக்க ஒரு ராஜாங்கக் கமிஷன் ஏற்பட்டது. ஹெர்பர்ட்டுக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் ஸ்டான்லி பிரபு. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குத் தம் பெயரைக் கொடுத்த சென்னைக் கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி, அந்தப் பிரபுவின் தம்பி மகன். இந்தியாவின் ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் பத்திரங்கள் அனுப்பி, வண்டி வண்டியாக வந்த பதில்களைத் தம் அறையில் வைத்துக்கொண்டு பரிசீலித்தவர் அம்மையார். 1863-ல் அறிக்கை வெளியாயிற்று. வெள்ளையரின் உயிரைக் காப்பதற்காகவே இது தொடங்கியது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்கு அவரை அங்கேயே நிற்க விடவில்லை. பட்டாளத்தின் மதிலுக்கு வெளியே கடைவீதியில் சாக்கடை தேங்கினால் உள்ளேயும் பேதி வரும். ஜனங்களின் தண்ணீர் சுத்தமாகாமல் சிப்பாயின் தண்ணீர் சுத்தமாகாது. இந்த உண்மையைக் கண்டபின் அவருடைய கவலை சிப்பாய்களைத் தாண்டி நமது ஜனங்கள் பேரில் திரும்பிற்று.

1864-ல் சென்னை ராஜதானிக்கும் ஒரு சுகாதாரக் கமிஷன் நியமனமாயிற்று. 1866-ல் இங்கே கவர்னராக வந்த நேப்பியர் பிரபு, ஸ்குடாரி நாட்களில் கான்ஸ்டான்டிநோபிள் ஸ்தானிகர் ஆலயத்தில் காரியதரிசியாயிருந்து அம்மையாரை அறிந்தவர். அவருக்கும் அம்மையாருக்கும் சுகாதார விஷயமாகக் கடிதப் போக்குவரத்து நடந்தது. கறுப்பர் பட்டணம் என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த நமது வட சென்னையின் பெருந்தொகையான ஜனங்கள் அதுவரை கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பியிருந்தார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1872-ல்.

இந்தியாவுக்கு வர அம்மையார் பெரிதும் விரும்பினார். தேகம் இடம் கொடுக்கவில்லை. நமது மண்ணை மிதிக்காமலே நாற்பது வருஷம் நமக்காக எழுதினார். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அவரை உலுக்கிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு அப்போது இருபது வருஷம் கடந்திருந்தது. ரயில் இருந்தும், சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தும், வாங்கக் காசில்லாத குடியானவர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதுமென்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னையின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அந்தப் பஞ்சத்தில் கூலி வேலையாகவே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. 1806-ல் எண்ணூர் வரை வெட்டப்பட்டிருந்த பழைய கால்வாயுடன் அது சேர்ந்து, கவர்னர் பக்கிங்ஹாமின் பெயரைப் பெற்றது. இன்று திருவொற்றியூரையும் எண்ணூரையும் ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் அந்தக் கால்வாயின் சரித்திரத்தில் பசித்தவர்களின் வியர்வை கலந்திருக்கிறது.

ஸர் ஆர்தர் காட்டனைப் போல் அம்மையாரும், ரயிலுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கை நீர்ப்பாசனத்துக்கும் கால்வாய்களுக்கும் செலவிட்டால் பஞ்சத்தைத் தடுக்கலாமென்று வற்புறுத்தினார். 1878-ல் எழுதிய கட்டுரையில் பஞ்சச் சாவுகளின் தொகையையும், குடியானவர்களை வதைக்கும் கடனையும் இங்கிலாந்து ஜனங்களின் முன் வைத்தார். ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தங்களை ஆதரித்தார். தாதாபாய் நௌரோஜி பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு நின்றபோது அவருக்குத் தம் ஆதரவைத் தெரிவித்தார். கிராமங்களில் சுகாதாரம் பரவ வேண்டுமானால், படித்த இந்திய ஸ்திரீகளே வீட்டு ஸ்திரீகளிடம் போய்ச் சொல்ல வேண்டுமென்று எழுதினார்.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. ஆங்கில ஆட்சியைத் திருத்த வேண்டுமென்றாரே தவிர, அது போக வேண்டுமென்று சொன்னவரல்லர். கிருமிகளால் நோய் தொற்றுகிறது என்ற கொள்கையை வெகு காலம் ஒப்புக்கொள்ளவில்லை. உடன் உழைத்தவர்களைத் தம்மைப் போலவே நினைத்துக் கடுமையாக வேலை வாங்கினார். கடைசிக் காலத்தில் பார்வை மங்கி, நினைவும் தளர்ந்தது. 1907-ல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற கௌரவத்தைப் பெற்ற முதல் ஸ்திரீயானார். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டரில் பெரியோர் பக்கத்தில் அடக்கம் செய்யச் சர்க்கார் முன்வந்தும், அவருடைய விருப்பப்படி உறவினர் அதை ஏற்காமல் ஈஸ்ட் வெலோ கிராமத்துக் குடும்ப மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

இந்தச் சரித்திரம் நமக்கு எதைப் போதிக்கிறது? 2023 டிசம்பர் மாதத்தில் பெருமழை வெள்ளத்துடன் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர்களின் வலையும் வாழ்வும் கறுத்தன. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் அங்கே ஓர் ஆலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரிகளில் சேர்க்க நேர்ந்தது. அந்த இரவிலும் தாதிகள் விழித்திருந்தார்கள்; தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் தாதி எவ்வளவு அன்புடன் கவனித்தாலும், வெளியே காற்றும் தண்ணீரும் கெட்டிருக்கும்வரை வார்டு காலியாகாது. ஸ்குடாரியில் அம்மையார் உயிர்ப் பலி கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.

ஆகையால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு இளைப்பு, எத்தனை குழந்தைகளுக்குப் பேதி, எந்த ஆலையைச் சுற்றி எந்த நோய் என்ற கணக்கு மாதந்தோறும் எடுக்கப்பட வேண்டும். ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். கணக்கில் தங்கள் குற்றம் தெரியவந்தால், அதிகாரிகள் அம்மையாரைப் போல் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கேட்ட குரலின் ரகசியம் அவருடன் போயிற்று. அவர் கேட்ட கேள்வியோ, எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள், எப்படித் தடுக்கலாம் என்பது. அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் தெய்வக் குரல் வேண்டியதில்லை. அதைச் சர்க்காரிடமும் நகரசபையிடமும் ஆலை முதலாளிகளிடமும் விடாமல் கேட்பது, விளக்கேந்தி நடக்கும் நமது தாதிகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்று கருதுகிறோம்.